பாதைக்காரர்களும் பாலங்களும்: கிண்ணியாவிலிருந்து காத்தான்குடி வரை



போன தவணை வரலாற்றுப் பாடத்தில் பேச்சுவாக்கில் "அப்ப பாதையிலதான் கங்கை கடப்போம்" என்று சொன்னேன். பத்தாம் ஆண்டுப் பிள்ளை ஒருவன் கையை உயர்த்தினான். "சேர், பாதை எண்டா ரோட்டுத்தானே? ரோட்டால எப்படி கங்கையக் கடக்கிற?"

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்கு வந்த பிறகு யோசனையாகிவிட்டது. கிண்ணியாவில் பிறந்த பிள்ளைக்கே பாதை தெரியவில்லை. விடுமுறை விட்டதும் நானும் வீட்டுக்காரியும் காத்தான்குடிக்குப் புறப்பட்டோம். அந்தப் பயணத்தை அந்தப் பிள்ளைக்காகவே எழுதுகிறேன்.

காத்தான்குடி நான் பிறந்த ஊர். நம்ம கிழக்கு வழக்கப்படி கல்யாணம் முடித்து, மாப்பிள்ளையாகக் கிண்ணியாவுக்கு வந்தேன். இரண்டு ஊருக்கும் இடையில் கடற்கரை வீதியால் சுமார் 120 கிலோமீற்றர்.

ஸுபஹ் தொழுதுவிட்டு வெளிக்கிட்டோம். மதினிக்கென்று நாலு சட்டி எருமைத் தயிரைப் பின் சீற்றில் வைத்து, சாய்ந்துவிடாமல் சுற்றிவரத் துணி அடைத்தாள் மனைவி. "அந்தக் காலத்துல இதக் கொண்டுபோக ஏலுமா? ஒவ்வொரு துறையிலயும் இறங்கி ஏறியே சட்டி உடைஞ்சி போயிருக்கும்" என்றாள். உண்மைதான்.

அன்று திருமலையிலிருந்து மட்டக்களப்புக்குக் கடற்கரை வீதியால் போவதென்றால் கிண்ணியா, உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல், காயங்கேணி என்று ஒவ்வொரு துறையிலும் நிற்க வேண்டும். பாதை என்பது மிதவைகளின் மேல் பலகை அடித்த தட்டு. ஒரு கரையிலிருந்து மறு கரைக்குக் கம்பியோ கயிறோ கட்டியிருக்கும். பாதைக்காரர்கள் அதைப் பிடித்து இழுக்க இழுக்கத் தட்டு நகரும். பஸ் வந்தால் சனம் இறங்கும், வெறும் பஸ் ஏறும், பிறகு சனம் ஏறும். மாரியில் வெள்ளம் பாய்ந்தால் பாதை ஓடாது. இருட்டினாலும் ஓடாது. அக்கரையில் வரிசையில் நிற்கிறவர் அல்லாஹ் விட்ட வழி என்று இருக்க வேண்டியதுதான்.

உப்பாறு தாண்டிக் கங்கைப் பாலத்தில் ஏறியதும் காரை மெதுவாக்கினேன். மலைநாட்டிலிருந்து 335 கிலோமீற்றர் ஓடிவரும் மகாவலி, கொட்டியாரக் குடாவில் கடலைச் சேரப்போகும் இடம் இது.  சவூதி அரேபியாவின் உதவியோடு 396 மீற்றர் நீளமான கிண்ணியாப் பாலம் 2009 ஒக்டோபரில் திறக்கப்பட்டது. பிரான்சின் உதவியோடு கட்டிய உப்பாறு, கங்கை, இறால்குழி, வெருகல், காயங்கேணிப் பாலங்கள் 2011இல் திறக்கப்பட்டன. இரண்டே வருடத்தில் நூற்றாண்டுப் பழக்கம் ஒன்று முடிந்தது.

மூதூரில் என்னோடு படிப்பித்து ஓய்வுபெற்ற நண்பர் வீட்டில் காலைச் சாப்பாடு. 1660இல் றொபர்ட் நொக்ஸும் அவருடைய தகப்பனும் இராஜசிங்க மன்னனின் ஆட்களிடம் பிடிபட்டது இந்தக் கொட்டியாரத்தில்தான். புயலில் பாய்மரம் முறிந்த கப்பலைத் திருத்த வந்தவர்கள் அவர்கள். தகப்பன் அடுத்த வருடமே கண்டி இராச்சியத்தில் இறந்துபோனார். மகன் தப்பிப்போக 19 வருடம் எடுத்தது. நண்பர் சொன்னார்: "நொக்ஸ எல்லாரும் படிக்காங்க. 2006 ஓகஸ்ட்ல நாங்க ஊரோட கந்தளாய்க்கு நடந்தத ஆர் எழுதின?" எனக்குப் பதில் இல்லை. "நீங்களே எழுதுங்க காக்கா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தேன்.

வெருகல், வாகரை, பனிச்சங்கேணி எல்லாம் சுருக்காகக் கழிந்தன. ஓட்டமாவடியில் காரை நிறுத்தினோம். முன்னர் இங்கே ரயிலுக்கும் வாகனத்துக்கும் ஒரே இரும்புப் பாலம். ரயில் வந்தால் நாம் காத்திருக்க வேண்டும். 2010இல் புதுப் பாலம் வந்தது. ஆனால் நாங்கள் நின்றது பாலம் பார்க்க அல்ல. என்னோடு பயிற்சிக் கலாசாலையில் படித்த கொழும்பு நண்பன் மஜ்மா நகரில் அடங்கியிருக்கிறான்.

2020 மார்ச் இறுதியிலிருந்து ஏறத்தாழ ஒரு வருடம் கொரோனாவில் மௌத்தான நம்மவர்களின் ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டன. 2021 மார்ச்சிலிருந்து அடக்க அனுமதி கிடைத்தும், நாடு முழுவதிலுமிருந்து இந்த ஒரு இடத்துக்குத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் இங்கே இருக்கிறார்கள். 2024 ஜூலையில் மன்னிப்புக் கேட்க அமைச்சரவை முடிவெடுத்தது. ஸலாம் சொல்லி, துஆ ஓதிவிட்டு நின்றோம். தன் ஊரிலிருந்து இவ்வளவு தூரத்தில் அவன் தனியே கிடக்கிறானே என்று மனம் கனத்தது. பக்கத்தில் இருந்த கப்றுகளைப் பார்த்தபோது, அவன் தனியே இல்லை என்றும் பட்டது.

ஏறாவூர் தாண்டி, கல்லடிப் பாலத்தால் போனோம். 1924இல் ஆளுநர் மன்னிங்கின் மனைவி பெயரில் திறந்த பழைய பாலம் பக்கத்திலேயே இருக்கிறது. புதியது 2013இல் வந்தது. லுஹர் பாங்குக்கு முன் ஊரில் நின்றோம். தயிர்ச் சட்டி நாலும் பத்திரம்.

பின்னேரம் உம்மாவின் கப்றுக்குப் போனேன். 1997 மாரியில் உம்மா ஸுபஹ் நேரம் மௌத்தானார். செய்தி கிண்ணியாவுக்கு வரும்போது காலை ஒன்பது மணி. அன்று கடற்கரை வீதியால் போக ஏலாது. கந்தளாய், ஹபரணை, பொலன்னறுவை என்று இருநூறு கிலோமீற்றருக்கு மேல் சுற்ற வேண்டும். ஒவ்வொரு சோதனைச் சாவடியிலும் இறங்கினோம், நடந்தோம், ஏறினோம். பொழுது சாய்ந்ததும் அப்பால் போக விடவில்லை. கதுருவெலப் பள்ளிவாசலில் படுத்தோம். அடுத்த நாள் லுஹருக்குப் போய்ச் சேர்ந்தபோது கப்றின் மேல் மண் காய்ந்திருந்தது. நான் மூத்த மகன். ஜனாஸாத் தொழுகை நடத்த வேண்டியவன்.

இதை இத்தனை வருடமாக யாரிடமும் விரிவாகச் சொன்னதில்லை. திரும்பி வரும்போது மனைவிதான் கேட்டாள்: "இந்த ரோட்டு அண்டைக்கு இருந்திருந்தா நேரத்தோட போயிருப்பீங்க, என்ன?"

"ஓம் புள்ள. மூணு மணித்தியாலம்."

அதற்குப் பிறகு வெருகல் வரை இருவரும் பேசவில்லை.

பாலம் வந்ததால் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் நான் சொல்லமாட்டேன். குறிஞ்சாக்கேணியில் பாலம் கட்டி முடியும்வரை என்று பாதை போட்டார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை அது கவிழ்ந்து, பள்ளிக்கூடம் போன நம்ம பிள்ளைகளை இழந்தோம். எங்கள் பாடசாலைகளில் அன்று காலியான கதிரைகளை நாம் மறக்க ஏலாது. பாலம் என்பது திறப்புவிழாப் படமும் பெயர்ப்பலகையும் மட்டும் அல்ல. உம்மாவின் முகத்தைக் கடைசியாகப் பார்ப்பதும், பிள்ளை பின்னேரம் வீடு திரும்புவதும் அதில்தான் இருக்கிறது.

ஒரு வேண்டுகோள். பாதை இழுத்த கைகள் இன்னும் சில நம்மூரில் இருக்கின்றன. எல்லாருக்கும் வயது போய்விட்டது. உங்கள் வாப்பாவோ அப்பாவோ பாதையில் வேலை செய்திருந்தால், அவர்கள் சொல்லும் கதையை ஃபோனில் பதிவு செய்து வையுங்கள். பிள்ளைகளையும் பக்கத்தில் இருத்துங்கள். பாதை என்றால் என்ன என்று அடுத்த வகுப்பில் ஒரு பிள்ளையாவது எனக்குச் சொல்ல வேண்டும்.

நம் மௌத்தானவர்கள் அனைவரையும் அல்லாஹ் பொருந்திக்கொள்வானாக. ஆமீன்.