கறுப்புடை இளவரசி



இலண்டன் தேசிய ஓவியக் கூடத்தில், ஐரோப்பிய மறுமலர்ச்சிக் காலத்தைச் சேர்ந்த முழுவுருவ ஓவியம் ஒன்று உள்ளது. ஏறத்தாழ 179 சென்டிமீட்டர் உயரமுள்ள ஓக் மரப்பலகையில் எண்ணெய் வண்ணத்தால் தீட்டப்பட்டது. நீலப்பச்சைப் பின்னணியில், கறுப்பு உடையணிந்த இளம்பெண் ஒருவர் நம்மை நேர்நோக்கி நிற்கிறார். கழுத்தில் அணிகலன் இல்லை. விரலில் செந்நிறக் கல் பதித்த மோதிரம் ஒன்று மட்டுமே உள்ளது. ஆகவே நம் கண்கள் அவருடைய முகத்திலும் வெண்ணிறக் கைகளிலுமே நிலைகொள்கின்றன.

அவர் பெயர் கிறிஸ்டினா. 1521ஆம் ஆண்டில் டென்மார்க் மன்னர் இரண்டாம் கிறிஸ்டியனின் மகளாகப் பிறந்தார். 1523இல் தந்தை அரியணையை இழக்க, குடும்பம் நெதர்லாந்தில் தஞ்சம் புகுந்தது. 1526இல் தாயும் மறைந்தார். தாய்மாமனோ புனித உரோமைப் பேரரசர் ஐந்தாம் சார்லஸ். அவர் எடுத்த முடிவின்படி, 1533இல் பதினொரு வயதுச் சிறுமியான கிறிஸ்டினா மிலான் கோமகன் பிரான்செஸ்கோ ஸ்ஃபோர்சாவுக்கு மணமுடிக்கப்பட்டார். மணமகன் அவரைவிட 26 வயது மூத்தவர். 1535இல் கோமகன் இறந்தார். பதினான்கு வயது நிறைவதற்குள் கிறிஸ்டினா கைம்பெண்ணானார். ஓவியத்தில் நாம் காணும் கறுப்புடை, துக்க உடையே.

1537இல் இங்கிலாந்து மன்னர் எட்டாம் ஹென்றியின் மூன்றாம் மனைவி ஜேன் சீமோர் காலமானார். அடுத்த அரசியைத் தேடிய மன்னர், பெண்ணின் தோற்றத்தை அறிந்துவர அரசவை ஓவியர் ஹான்ஸ் ஹோல்பைனைப் பிரசல்ஸ் நகருக்கு அனுப்பினார். 1538 மார்ச் 12ஆம் நாள், பிற்பகல் ஒரு மணி முதல் நான்கு மணி வரை, மூன்று மணி நேரமே ஓவியருக்குக் கிட்டியது. அப்போது எழுதிய கோட்டோவியத்தைக் கொண்டே பின்னர் எண்ணெய் ஓவியம் உருவாயிற்று. மன்னர் பெருமகிழ்ச்சி அடைந்தார்.

"எனக்கு இரண்டு தலைகள் இருந்தால், ஒன்றை ஆங்கிலேய மன்னருக்குத் தருவேன்" என்ற கருத்தில் கிறிஸ்டினா பதிலளித்ததாக ஒரு கதை பரவலாக வழங்குகிறது. இரண்டாம் மனைவி ஆன் பொலினின் தலையை 1536இல் ஹென்றி வெட்டுவித்திருந்தமையால், கேட்போர் இதனை எளிதில் நம்புகின்றனர். எனினும் அக்காலச் சான்றுகளில் இக்கூற்று காணப்படவில்லை. 1539இன் தொடக்கத்தில் ஆங்கிலேயத் தூதர் அவருடைய விருப்பத்தை நேரில் வினவியபோது, தாம் பேரரசரின் கட்டளைக்கு உட்பட்டவர் என்றே அவர் விடையளித்ததாகத் தூதரின் கடிதம் தெரிவிக்கிறது.

இவ்விரண்டு விடைகளையும் அருகருகே வைத்துப் பாருங்கள். கதையில் வரும் பெண் துணிச்சலாக மறுக்கிறாள். ஆவணத்தில் வரும் பெண்ணுக்கோ மறுக்கும் உரிமையே இல்லை. திருமணம் கைகூடாமற் போனதும் அரசியலாலேயே. கிறிஸ்டினாவின் பாட்டியும் ஹென்றியின் முதல் மனைவி கேத்தரினும் உடன்பிறந்தோர். அதனால் இத்திருமணத்திற்குப் போப்பாண்டவரின் இசைவு தேவைப்பட்டது. ஹென்றியோ அவருடன் உறவை முறித்துக்கொண்டவர். மேலும், 1538இல் பிரான்சுடன் உடன்பாடு கண்ட பேரரசருக்கு ஹென்றியின் நட்பு முன்போல் தேவைப்படவில்லை.

கிறிஸ்டினாவின் வரலாறு ஓவியத்தோடு முடியவில்லை. 1541இல் லொரேன் கோமகனின் மகனை மணந்தார். 1545இல் அக்கணவரையும் இழந்தபின், இளம் மகனின் சார்பில் 1552 வரை லொரேன் நாட்டை ஆண்டார். 1559இல் பிரான்சுக்கும் ஸ்பெயினுக்கும் இடையே நடந்த அமைதிப் பேச்சில் இணக்கம் காண உதவினார். 1590இல் மறைந்தார்.

இவ்வோவியத்தை மாணவர்களுக்குக் காட்டும்போது, இரண்டு தலைக் கதையைச் சொல்லிச் சிரிக்கவைப்பதோடு நின்றுவிடலாகாது. இதனை வரையச் சொன்னவர் யார்? யார் பார்ப்பதற்காக வரையப்பட்டது? நிற்பவரின் விருப்பத்தை யார் கேட்டார்? இம்மூன்று கேள்விகளையும் பிள்ளைகளிடம் கேட்போம். பதினாறு வயதுப் பெண்ணொருத்தி மூன்று மணி நேரம் அசையாமல் நின்றதன் பொருளை அவர்களே கண்டறிவர். வீட்டில் பெண்பிள்ளைகளை வளர்க்கும் பெற்றோரும் இக்கேள்விகளைச் சற்றே எண்ணிப் பார்க்கலாம்.