கடல் கடந்து கற்ற அறுவை மருத்துவம்

ஸ்ரீமுஷ்ணத்திலிருந்து சிதம்பரம் சென்று, கொள்ளிடத்தைக் கடந்து தெற்கே போனால் சீர்காழியை அடைகிறோம். 1922இல் அவ்வூரில் பிறந்த மருத்துவர் பி. இராமமூர்த்தி, மூளை அறுவை மருத்துவம் கற்கக் கடல் கடந்து இங்கிலாந்து செல்ல வேண்டியிருந்தது. அக்கலையைக் கற்பிக்கும் துறை அந்நாளில் இந்தியாவில் எங்கும் இருக்கவில்லை.

அறுவை மருத்துவம் நூலறிவால் மட்டும் கைவருவதன்று. தேர்ந்த ஒருவரின் அருகில் நின்று துணைசெய்து, பின்னர் அவரது மேற்பார்வையில் தாமே கருவியைக் கையிலெடுத்துப் பழகவேண்டும். ஆதலால் அயல்நாட்டில் பணிபுரிவதே பயிற்சியாகவும் அமைந்தது.

இவ்வழியில் இராமமூர்த்திக்கு முன் சென்றவர் மருத்துவர் ஜேக்கப் சாண்டி. 1910இல் கேரளத்தில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்றவர். அவர் முதலில் சென்றது மேலைநாட்டிற்கன்று. பஹ்ரைன் தீவிலிருந்த அமெரிக்க மிஷன் மருத்துவமனைக்கே. அங்கு மருத்துவ மிஷனெரியான பால் ஹாரிசனுடன் உழைத்தார். அவரது ஊக்கத்தால் மேற்பயிற்சி நாடி அமெரிக்கா சென்றார், கனடாவின் மொன்றியல் நகரில் வைல்டர் பென்ஃபீல்டிடம் பயின்றார், சிக்காகோவிலும் பணியாற்றினார்.

அயல்நாட்டுப் பயிற்சியில் ஓர் இடரும் உண்டு. கற்கச் சென்றவர் அங்கேயே தங்கிவிடலாம். சிறந்த கருவிகளும் உயர்ந்த ஊதியமும் அங்கிருக்க, வெறுங்கையோடு தொடங்கவேண்டிய தாயகத்திற்குத் திரும்புவது எளிதன்று. எனினும் இருவரும் திரும்பினர். 1949இல் சாண்டி வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் இந்தியாவின் முதல் நரம்பியல் அறுவைத் துறையை நிறுவினார். நியூகாசிலில் பயிற்சி பெற்ற இராமமூர்த்தி, 1950இல் சென்னைப் பொது மருத்துவமனையில் அப்பணியைத் தொடங்கினார். 1951இல் இவ்விருவரும் எஸ். டி. நரசிம்மன், பல்தேவ் சிங் ஆகியோருடன் இந்திய நரம்பியல் சங்கத்தை அமைத்தனர். அவர்கள் தம் திறமையைத் தம்மோடு நிறுத்திக்கொள்ளவில்லை. வேலூரிலும் சென்னையிலும் இளம் மருத்துவர்களைப் பயிற்றுவித்ததால், பின்வந்தோர் உள்நாட்டிலேயே அக்கலையைக் கற்க முடிந்தது.

1985இல் சிதம்பரத்திலேயே மருத்துவக் கல்லூரி தோன்றியது. இன்றும் நம் இளைஞர் பயிற்சி நாடி வெளிநாடு செல்கின்றனர், அது தவறன்று. ஆனால் திருச்சபை அவர்களை வாழ்த்தி அனுப்புவதோடு தன் கடமை முடிந்ததென எண்ணலாகாது. திரும்பி வருவோர் பணிசெய்யவும் பிறருக்குக் கற்பிக்கவும் தக்க இடத்தை இங்கே ஆயத்தம் செய்துள்ளோமா? சாண்டி திரும்பியபோது வேலூர் அவருக்கு இடமளித்தது என்பதை நாம் மறத்தலாகாது.