ராச்டேல் நெசவாளரின் கடை

கைப்பேசியிலும் இணையத்திலும் வாடிக்கையாளரைக் குழுவாகச் சேர்க்கச் சிறு வணிகர் பலரும் இந்நாளில் முயல்கின்றனர். சேர்ப்பது எளிது. சேர்ந்தவர் அக்கடையைத் தம் கடையென எண்ணுவது எப்பொழுது? இதனை ஆராய்வார்க்கு, இங்கிலாந்தில் 1844ஆம் ஆண்டில் தோன்றிய ஒரு மளிகைக்கடையின் வரலாறு பெரிதும் பயன்படும்.

ராச்டேல் என்பது மான்செஸ்டர் நகருக்கு அருகிலுள்ள ஊர். கம்பளித் துணி நெசவுக்குப் பெயர்பெற்றது. ஆலைகள் பெருகப் பெருகக் கைத்தறியாளரின் கூலி தேய்ந்தது. கடனுக்குச் சாமான் வாங்கியே குடும்பங்கள் காலந்தள்ளின. கடைக்காரர் மாவில் கலப்படம் செய்தாலும் எடையைக் குறைத்தாலும், கடன்பட்டவர் வேறு கடைக்குப் போக முடியாது. நம் தோட்டப்புறங்களில் பற்றுப் புத்தகத்தோடு வாழ்ந்த குடும்பங்களை அறிந்தவர்க்கு இதனை விளக்க வேண்டுவதில்லை.

அவ்வூர்த் தொழிலாளர் 28 பேர், வாரந்தோறும் இரண்டு மூன்று பென்னியாகச் சேர்த்து 28 பவுன் திரட்டினர். டோட் லேன் என்னும் தெருவில் ஒரு கிடங்கின் கீழ்த்தளத்தை வாடகைக்குப் பிடித்து, 1844 டிசம்பர் 21ஆம் நாள் மாலை கடை திறந்தனர். வெண்ணெய், சர்க்கரை, கோதுமை மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி: சரக்கு அவ்வளவே. தெருப்பிள்ளைகள் கூடி நின்று எள்ளி நகைத்தனராம்.

நாம் ஊன்றி நோக்க வேண்டியவை அவர்கள் வகுத்த விதிகளே. மலிவு காட்டி ஆள் பிடிக்கவில்லை. ஊர் விலைக்கே விற்றனர். பின்னர் இலாபத்தைக் கணக்கிட்டு, யார் எவ்வளவுக்கு வாங்கினரோ அதற்கேற்பப் பகிர்ந்தளித்தனர். முதல் மிகுதியாகப் போட்டவர்க்கும் ஒரே வாக்கு. பெண்களுக்கும் வாக்குண்டு, அந்நாட்டு நாடாளுமன்றத் தேர்தலிலோ பெண்கள் 1918 வரை காத்திருக்க நேர்ந்தது! கடன் மட்டும் எவர்க்கும் இல்லை. கடுமையான விதிதான், அன்றாடங்காய்ச்சிகள் பலர் உள்ளே வர இயலாமற் போயிற்று. எனினும் கடனுக்கு இடங்கொடுத்திருந்தால் அந்த 28 பவுன் சில வாரங்களிலேயே கரைந்திருக்கும் என்பது என் கருத்து.

1845 முடிவில் உறுப்பினர் 74 பேர். ஆண்டு விற்பனை 710 பவுன். வளர்ச்சி மெதுவானதே. சில ஆண்டுகளில் கடையின் மாடியில் செய்தித்தாள் படிக்கும் அறையும் நூலகமும் அமைந்தன. உபரியில் 2½ விழுக்காடு கல்விக்கென ஒதுக்கும் வழக்கமும் வந்தது. மாவு வாங்க வந்தவர் செய்தி படிக்கவும் வழக்காடவும் மாடியேறினர். ஆசிரியராகிய நமக்கு இப்பகுதி கூடுதலாக இனிப்பதில் வியப்பில்லை.

1849இல் ராச்டேல் சேமிப்பு வங்கி முறிந்தது. ஏழைகள் பலரின் பணம் போயிற்று. அதன்பின் மக்கள் தம் சிறு சேமிப்பைக் கொண்டுவந்தது டோட் லேன் கடைக்கே. கணக்கு அங்கே கூட்டத்தில் படிக்கப்பட்டது. எவரும் எழுந்து கேள்வி கேட்கலாம். 1848இல் 140 பேராயிருந்த உறுப்பினர் 1850இல் 600 பேராயினர்.

இவர்களே 1854இல் ஒரு கூட்டுறவுப் பஞ்சாலையும் தொடங்கினர். இலாபத்தில் அங்கு வேலை செய்வோர்க்கும் பங்கு என்பது ஏற்பாடு. ஆலை தழைக்கவே, வருவாயை மட்டும் நாடிய புதிய பங்குதாரர் பெருகினர். 1862இல் அவர்கள் வாக்கெடுத்துத் தொழிலாளர் பங்கை நீக்கிவிட்டனர்.