மலைப்பாதையில் பழைய கார்: ஸ்டியரிங் தேய்மானத்தைக் கண்டறிவது எப்படி?

நுவரெலியா கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,868 மீற்றர் உயரத்தில் உள்ளது. கம்பளையிலிருந்து றம்பொடை வழியாக ஏறினாலும், ஹற்றனிலிருந்து தலவாக்கலை வழியாக வந்தாலும் வளைவுகளுக்குக் குறைவில்லை. 1934இலேயே மஹகஸ்தோட்டையில் மலையேற்றக் கார்ப் போட்டி தொடங்கிய ஊர் இது. பழைய கார்கள் மீதான பிரியம் இங்கு புதிதல்ல. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, தனியார் கார்களுக்கு 2025இல்தான் மீண்டும் திறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வாகனத்தையே பழுதுபார்த்து ஓட்ட வேண்டியிருந்தது. அத்தகைய காரில் முதலில் பார்க்க வேண்டியது ஸ்டியரிங்.

எந்த வகை?

1976இல் அறிமுகமான பென்ஸ் டபிள்யூ 123, ஸ்டியரிங் பொக்ஸ் வகை. 1968இல் வந்த ஜகுவார் எக்ஸ்ஜே6, ரக் அன்ட் பினியன் வகை. பொக்ஸ் வகையில் இணைப்புகள் அதிகம்; எனவே தேயும் இடங்களும் அதிகம்.

ஆட்டத்தை அளப்பது

முதலில் டயர்களின் காற்றைச் சரிபாருங்கள். பவர் ஸ்டியரிங் என்றால் எஞ்சினை இயக்கி, முன்சக்கரங்களை நேராக வையுங்கள். சக்கரம் அசையாமல் ஸ்டியரிங் விளிம்பு எவ்வளவு நகர்கிறது என அளவுங்கள். 380 மில்லிமீற்றர் விட்டமுள்ள ஸ்டியரிங்குக்கு, பிரித்தானியப் பரிசோதனை விதிகளில் நீண்டகாலம் இருந்த உச்ச வரம்பு ரக் வகைக்கு 13 மில்லிமீற்றர், மற்றவற்றுக்கு 75 மில்லிமீற்றர். மலைப்பாதையில் ஓடும் கார் அந்த எல்லையைத் தொடும்வரை காத்திருக்கக் கூடாது.

எங்கே தேய்ந்திருக்கிறது?

ஒருவர் ஸ்டியரிங்கை இருபுறமும் சிறிது அசைக்க, மற்றவர் ஒவ்வொரு இணைப்பையும் கவனிக்க வேண்டும். ஒரு பகுதி நகர்ந்து, அடுத்தது தாமதித்தால் தேய்மானம் அந்த இணைப்பில்தான். பொக்ஸ் வகையில் ஐட்லர் ஆர்ம் புஷ்ஷை மறந்துவிடாதீர்கள்.

பின் முன்சக்கரத்தை ஜக்கில் உயர்த்தி, ஸ்டாண்ட் வைத்து ஆட்டிப் பாருங்கள். இடம் வலமாக ஆடினால் டை ரொட் எண்டைச் சந்தேகிக்கலாம். மேல் கீழாக ஆடினால் வீல் பெயாரிங், போல் ஜொயிண்ட் அல்லது கிங் பின். பிரேக்கை மிதித்ததும் ஆட்டம் நின்றால் பெயாரிங், நிற்காவிட்டால் மற்றவை.

கிழிந்த ரப்பர் உறை, எண்ணெய்க் கசிவு, ஸ்டியரிங் பொக்ஸ் பூட்டப்பட்ட இடத்தில் வெடிப்பு ஆகியவற்றையும் பாருங்கள்.

செய்யக் கூடாதவை

பொக்ஸின் நடுப்பகுதியே அதிகம் தேயும். நடுவில் உள்ள ஆட்டத்தைப் போக்க, அதன் ஸ்குரூவை அளவுக்கு மீறி முறுக்கினால், முழுதாகத் திருப்பும்போது இறுகும். இறக்க வளைவைக் கடந்தபின் ஸ்டியரிங் தானாக நேருக்குத் திரும்பாது. தேய்ந்த அல்லது வளைந்த டை ரொட்டை வெல்டிங் செய்வதோ, சூடாக்கி நிமிர்த்துவதோ ஆபத்து. உதிரிப்பாகம் கிடைக்கும்வரை காரை நிறுத்தி வையுங்கள். மாற்றிய பின் புதிய ஸ்பிளிட் பின் போட்டு, அலைன்மெண்ட்டும் பார்த்த பிறகே இறக்கத்தில் செலுத்த வேண்டும்.