உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை

உயர் அழுத்த ஆக்சிஜன் சிகிச்சை என்பது, இயல்பான வளிமண்டல அழுத்தத்தைப் போல 2 முதல் 3 மடங்கு அழுத்தமுள்ள மூடிய அறையில் நோயாளியைத் தூய ஆக்சிஜனைச் சுவாசிக்கச் செய்யும் மருத்துவ முறையாகும். சாதாரணக் காற்றைச் சுவாசிக்கும்போது 100 மி.லி. இரத்தத்தின் பிளாஸ்மாவில் சுமார் 0.3 மி.லி. ஆக்சிஜனே கரைந்திருக்கும். 3 மடங்கு அழுத்தத்தில் தூய ஆக்சிஜனைச் சுவாசித்தால் இது சுமார் 6 மி.லி. ஆக உயரும். இரத்த ஓட்டம் குன்றிய திசுக்களுக்கும் இதனால் ஆக்சிஜன் எட்டுகிறது.

வரலாறு

1662இல் இங்கிலாந்தின் ஹென்ஷா, துருத்திகளால் காற்றழுத்தத்தை மாற்றும் அறை ஒன்றை விவரித்தார். ஆக்சிஜன் அப்போது கண்டறியப்படவில்லை. 1830களில் பிரான்சில் ஜூனோவும் பிரவாஸும் அழுத்தக் காற்று அறைகளை அமைத்தனர். மிகுந்த அழுத்தத்தில் ஆக்சிஜனே நஞ்சாகும் என்பதை பால் பெர்ட் 1878இல் வெளியிட்ட நூலில் விளக்கினார்.

1928இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் மருத்துவர் கன்னிங்ஹாமுக்காகத் தொழிலதிபர் டிம்கென் 64 அடி விட்டமுள்ள எஃகுக் கோளம் ஒன்றைக் கட்டித் தந்தார். பல மாடிகளும் படுக்கையறைகளும் கொண்ட அது, விடுதிக்கு நிகரான வசதியுடன் இருந்தது. ஆனால் உள்ளே நிரப்பப்பட்டது வெறும் அழுத்தக் காற்று. நீரிழிவும் புற்றுநோயும் அதில் குணமாகும் என்ற தன் கூற்றுக்குக் கன்னிங்ஹாம் கடைசிவரை சான்று தரவில்லை. 1942இல் கோளம் பிரிக்கப்பட்டு, அதன் எஃகு போர்த் தேவைக்குச் சென்றது.

சிகிச்சைக்கு அறிவியல் அடித்தளம் இட்டவர் ஆம்ஸ்டர்டாம் அறுவை மருத்துவர் பூரெமா. சிவப்பணுக்கள் பெரும்பாலும் நீக்கப்பட்ட பன்றிகள், பிளாஸ்மாவில் கரைந்த ஆக்சிஜனாலேயே உயிர்வாழ முடியும் என்று 1960இல் அவர் காட்டினார்.

அறை வடிவமைப்பு

ஓர் அமர்வு பொதுவாக 90 நிமிடங்கள் முதல் 2 மணி நேரம் நீடிக்கும். ஆறாத புண்களுக்குப் பல வாரங்கள் தொடர வேண்டியிருக்கும். உள்ளே இருக்க அஞ்சும் நோயாளி பாதியிலேயே நிறுத்திவிடுவார். எனவே வசதியும் மருத்துவத்தின் பகுதியே.

அழுத்தம் ஏறும்போது காது அடைத்து வலிக்கும். எச்சில் விழுங்கவும், மூக்கைப் பொத்தி மெல்ல ஊதவும் நோயாளிக்குக் கற்றுத்தருகிறார்கள். வலித்தால் ஏற்றத்தை உடனே நிறுத்துகிறார்கள். அழுத்தம் ஏறுகையில் காற்று சூடாகும், இறங்குகையில் குளிரும். அதனால் காற்றோட்டச் சீரமைப்பு தேவை. ஒருவருக்கான அறைகளில் ஒளிபுகும் அக்ரிலிக் சுவர் அடைபட்ட உணர்வைக் குறைக்கிறது. பலர் அமரும் அறைகளில் காற்றால் அழுத்தம் ஏற்றி, முகமூடி அல்லது தலைக்கவசம் வழியே ஆக்சிஜன் தரப்படுகிறது. செவிலியர் உடனிருக்கலாம்.

தீயே பெரும் ஆபத்து. 1997இல் இத்தாலியின் மிலானில் அறையொன்றில் எழுந்த தீ 11 பேரின் உயிரைப் பறித்தது. எனவே பருத்தி உடை மட்டுமே அனுமதி. கைப்பேசி, தீப்பெட்டி, எண்ணெய்ப் பூச்சு ஆகியவற்றுக்குத் தடை.

பயன்பாடு

ஆழ்கடல் முக்குளிப்போரின் அழுத்தநீக்க நோய், கார்பன் மோனாக்சைடு நச்சு, கதிரியக்கச் சிகிச்சையால் ஏற்படும் திசுச் சிதைவு, நீரிழிவாளரின் சில வகைக் கால் புண்கள் ஆகியவற்றுக்கு இது ஏற்கப்பட்ட சிகிச்சை. ஆட்டிசத்தையோ புற்றுநோயையோ இது குணப்படுத்தும் என்பதற்குச் சான்று இல்லை. அத்தகைய விளம்பரங்களை நம்பிப் பணம் கட்டுமுன், நோயை அறிந்த மருத்துவரைக் கலந்தாலோசிக்க வேண்டும்.