பூசும் ஸ்டீரொய்ட் மருந்துகள்: வீதத்தை நம்பாதீர்கள், பெயரைப் பாருங்கள்

தோல் அழற்சிக்குப் பூசும் இரண்டு ரியூப்களில் ஒன்றில் 1% என்றும் மற்றையதில் 0.05% என்றும் எழுதியிருந்தால், எது வீரியம் கூடியது? 1% ஹைட்ரோகோட்டிசோன் இவ்வகை மருந்துகளில் மிக மென்மையானது. 0.05% குளோபெற்றசோல் அதைவிட 600 மடங்கு வரை வீரியமானது. வீதம் என்பது மருந்து எவ்வளவு கலந்திருக்கிறது என்பதை மட்டுமே சொல்லும்; வெவ்வேறு மருந்துகளை ஒப்பிட அது உதவாது.

பிரித்தானிய முறையில் இவை நான்கு படிகள்:

• மென்மையானவை: ஹைட்ரோகோட்டிசோன் 1%

• நடுத்தரமானவை: குளோபெற்றசோன் 0.05% (ஹைட்ரோகோட்டிசோனைவிட 2 முதல் 25 மடங்கு)

• வீரியமானவை: பீற்றாமெதசோன் வலரேற் 0.1%, மொமெற்றசோன் 0.1% (100 முதல் 150 மடங்கு)

• மிக வீரியமானவை: குளோபெற்றசோல் 0.05% (600 மடங்கு வரை)

குளோபெற்றசோன், குளோபெற்றசோல் ஆகிய இரு பெயர்களும் கடைசி எழுத்தில் மட்டுமே வேறுபடுகின்றன, வீதமும் ஒன்றே. பாமசியில் வாங்கும்போது இதைக் கவனியுங்கள்.

பூசும் இடமும் வீரியத்தை மாற்றும். கண்ணிமை, முகம், தொடை இடுக்கு ஆகியவற்றின் மெல்லிய தோல் மருந்தை அதிகம் உறிஞ்சும். உள்ளங்கையும் பாதமும் குறைவாக உறிஞ்சும். மூடிக் கட்டிய தோலில் உறிஞ்சல் மேலும் கூடும்.

போரில் கால் இழந்து செயற்கைக் கால் அணிவோருக்கு இது முக்கியம். வியர்வையாலும் உராய்வாலும் எஞ்சிய காலில் அரிப்பும் தடிப்பும் வருவதுண்டு. அங்கே மருந்தைப் பூசிக் காலை மாட்டினால், சொக்கற் இறுகக் கட்டிய துணிபோல மருந்தை உள்ளே செலுத்தும். வீரியமான மருந்தை நெடுநாள் பூசினால் தோல் மெலிந்து இலகுவில் புண்ணாகும். புண் ஆறும்வரை காலை அணிய முடியாது. வேலைக்கும் போக முடியாது. தடிப்பு பங்கசுத் தொற்றாக இருந்தால் ஸ்டீரொய்ட் அரிப்பை அடக்கும். தொற்றோ பரவிக்கொண்டே இருக்கும்.

எனவே இத்தகைய தடிப்புக்கு நீங்களாகவே மருந்து வாங்காதீர்கள். செயற்கைக் காலையும் பாவித்த ரியூப்பையும் எடுத்துக்கொண்டு வைத்தியரிடம் காட்டுங்கள். பல வேளைகளில் சொக்கற்றைத் திருத்தினாலே குறையும்.

வைத்தியர் மருந்து தந்தால் அளவு முக்கியம். சுட்டுவிரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கினால் சுமார் அரை கிராம். அது விரல்களுடன் சேர்த்து இரு உள்ளங்கை அளவான இடத்துக்குப் போதும். குளோபெற்றசோலைத் தொடர்ச்சியாக 2 வாரங்களுக்கு மேல் பொதுவாகப் பூசுவதில்லை. ஏற்கெனவே மாதக்கணக்கில் பூசி வருபவர்கள் திடீரென நிறுத்தாமல், எப்படிக் குறைப்பது என வைத்தியரிடம் கேட்டறியுங்கள்.