பட்டறை மண்

திருச்சி பெரிய கடைவீதி நகைப் பட்டறைகளில் குப்பை என்று எதுவும் கிடையாது. ஸ்ரீரங்கத்திலிருந்து காவிரிப் பாலம் தாண்டி அங்கே வேலைக்குப் போன என் தாத்தா, அந்தியில் பெருக்கிய மண்ணையும் குமுட்டிச் சாம்பலையும் தகர டின்னில் சேர்ப்பார்; கை கழுவிய நீரைக்கூடக் கொட்ட விடமாட்டார். மண் வாங்குபவர்கள் அதைச் சலித்து, நீரில் அலசி, அடியில் தங்கும் கனத்த பொடியில் பாதரசம் சேர்ப்பார்கள். தங்கத்தைப் பற்றிக்கொள்ளும் பாதரசம் சூட்டில் ஆவியாகிவிடும். மிஞ்சியதில் கலந்திருக்கும் வெள்ளியையும் செம்பையும் நைட்ரிக் அமிலம் கரைத்துவிடும். அந்தப் பாதரச ஆவி நரம்பைக் கெடுக்கும் நஞ்சு. இந்தக் கைத்திறனை வியப்பவர்கள் அதை மறக்கக் கூடாது.

1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யத் தடை. பட்டறை ஓய்ந்தால் மண் ஏது? தாத்தாவின் டின் நிறைய மாதக்கணக்கானது. சட்டம் முற்றாக நீங்கியது 1990இல்தான்.

பட்டறை மண்ணைப் போலவே எஃகு ஆலைத் தூசியிலும் உலோக மீட்பு நடக்கிறது. துத்தநாகம் பூசிய பழைய தகட்டை மின் உலையில் உருக்கினால், 907 டிகிரியில் கொதிக்கும் துத்தநாகம் ஆவியாகி, வடிகட்டியில் தூசியாகப் படியும். அதைக் கரியோடு சுழலும் சூளையில் சுட்டு மீட்கிறார்கள். தூசியில் ஈயமும் காட்மியமும் இருப்பதால் வெளியே கொட்டவும் முடியாது.